ஆறாம் வகுப்புக்கு ஒரு வகுப்பு உடன்பாடு: புதிதாகப் பணியேற்ற ஆசிரியர்களுக்கு

அரசு உயர்நிலைப் பள்ளியின் ஆறாம் வகுப்பு பல ஊர்ப் பிள்ளைகள் வந்து சேரும் இடம். சுற்றுவட்டாரத்தில் நாலைந்து தொடக்கப் பள்ளிகள் இருக்கும். ஒன்றில் மொத்தமே பத்துப் பன்னிரண்டு பேர் படித்திருப்பார்கள், டீச்சரை 'அம்மா' என்றே கூப்பிட்டுப் பழகியிருப்பார்கள். இன்னொன்றில் மணி அடித்தால் கைகட்டி வாய்பொத்தி உட்கார வேண்டும். தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்ட முடியாமல் வந்த இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பனியன் கம்பெனிக்கோ செங்கல் சூளைக்கோ வேலைக்கு வந்த ஒடியா, இந்திக் குடும்பத்துப் பிள்ளையும் இருக்கலாம். இத்தனை பேருக்கும் ஒரே அறை, பீரியடுக்கு ஒரு ஆசிரியர்.

இந்த வகுப்புக்கு உங்களை வகுப்பாசிரியராகப் போட்டிருந்தால், ஜூன் மாதத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. இந்த அறைக்குள் எப்படி நடந்துகொள்வது என்பதைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி எழுதிவிடுவது. 'ஒழுக்க விதிகள்' என்று பெயின்ட்டில் எழுதிய சுவர் ஏற்கெனவே உங்கள் பள்ளியில் இருக்கும். அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை, காரணம் அது பிள்ளைகளை மட்டும் கட்டுப்படுத்துகிறது. நான் சொல்வது ஆசிரியரையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் உடன்பாடு. அதற்கு மனசு ஒப்பவில்லை என்றால் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு நாடகம் எது, நிஜம் எது என்று நம்மைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

முதல் வாரம்: எழுத வேண்டாம், பாருங்கள்

பள்ளி திறந்த அன்றே சார்ட் பேப்பரை விரிக்காதீர்கள். ஒரு வாரம் பாடத்தை நடத்திக்கொண்டே கவனியுங்கள். வருகைப் பதிவேடு வாசிக்கும்போது 'உள்ளேன் ஐயா' என்ற குரல் யாரிடமிருந்து வெளியே வரவே மாட்டேன் என்கிறது? சத்துணவு வாங்கிக்கொண்டு யார் யாரோடு உட்காருகிறார்கள், தனியாக உட்காருவது யார்? வகுப்பைக் கூட்ட வேண்டும் என்றதும் துடைப்பம் யார் கைக்குப் போகிறது? பெரும்பாலும் பெண் பிள்ளைகள் கைக்குத்தான் போகும். சில இடங்களில் குறிப்பிட்ட தெருவிலிருந்து வரும் பிள்ளைகள் கைக்கு மட்டும் போகும். அப்படி ஒரு வழக்கம் கண்ணில் பட்டால் உடன்பாட்டுக்குக் காத்திருக்காமல் அன்றே நிறுத்துங்கள், சுற்றுமுறைப் பட்டியல் போடுங்கள்.

தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளைகளையும் பாருங்கள். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையென்றாலோ, வழியில் பெரிய பையன்கள் நின்றாலோ இதுதான் நடக்கும். 'கேட்டுவிட்டுப் போகலாம்' என்று எழுதி இதைத் தீர்க்க முடியாது. தாழ்ப்பாள் வாங்கித்தான் தீர்க்க முடியும். உடன்பாட்டில் எழுத வேண்டியதையும் தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்க வேண்டியதையும் இந்த வாரத்திலேயே தனித்தனியாகக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

அதே வாரத்தில் எமிஸ் பதிவை, அதாவது கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் கணினிப் பதிவைப் பார்த்து, மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், அவரிடம் பேசுங்கள். காது கேட்கும் கருவி போட்ட பிள்ளைக்கு எந்தப் பக்கம் நன்றாகக் கேட்கும், பார்வைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதெல்லாம் எமிஸில் கிடைக்காது, அவருக்குத் தெரிந்திருக்கும். பதிவில் ஏறாத குறைபாடுகளும் உண்டு. கண்ணாடி தேவைப்பட்டும் போடாமல், பக்கத்துப் பையன் நோட்டைப் பார்த்தே வருஷக்கணக்காக எழுதிவந்த பிள்ளைகள் அநேகமாக எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள்.

பேச்சுக்கு இடமில்லாதவை

சில விஷயங்களைப் பிள்ளைகளின் கருத்துக்கு விட முடியாது. அவற்றைப் பேச்சைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். இந்த அறையில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, ஆசிரியர் உட்பட. கல்வி உரிமைச் சட்டம், 2009-இன் 17-ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்கிறது, மீறினால் பணி விதிகளின்படி நடவடிக்கை உண்டு. புதிதாக வந்தவர்கள் 'அடி' என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள். பெஞ்சு மேல் நிற்கவைப்பதும், 'நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு' என்பதும் அந்த இரண்டாவதில் வரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பாகுபாடில்லாத சேர்க்கையைச் சொல்வதோடு நிற்கவில்லை. அந்தந்தப் பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்கிறது. ஆகவே முன்பெஞ்சில் இடம் கொடுப்பது நம் கருணையில் சேராது.

மூன்றாவது, சாதி. நாங்குநேரியில் 2023-இல் ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் வந்த அதன் அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகள் கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, மாணவர்களைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்ற பரிந்துரைகள் இருந்தன. கயிறு விஷயத்தில் ஊரில் எதிர்ப்பு வரலாம். அதைத் தலைமையாசிரியரோடு சேர்ந்து கையாளுங்கள், தனியாளாக மல்லுக்கு நிற்காதீர்கள். ஆனால் உட்காரும் இடம் முழுக்க உங்கள் கையில் இருக்கிறது. அகர வரிசையில் ஆரம்பித்து, வாரம் ஒரு வரிசை முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கட்டும். 'இது என் இடம்' என்று யாருக்கும் ஒரு பெஞ்சு பட்டா ஆகாது.

கேள்வியைச் சரியாகக் கேளுங்கள்

இங்கேதான் பெரும்பாலான வகுப்புகளில் வேலை கெட்டுப்போகிறது. 'நம்ம கிளாஸுக்கு என்னென்ன ரூல்ஸ் வேணும்?' என்று கேட்டுப் பாருங்கள். பேசக் கூடாது, ஓடக் கூடாது, பேசினால் வெளியே நிற்கவைக்கணும், வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் பத்து தடவை எழுதணும் என்று கொட்டுவார்கள். போலீஸ் வேலையைக் கொடுத்தால் பிள்ளைகள் நம்மைவிடக் கடுமையானவர்கள். அது அவர்கள் மனதிலிருந்து வந்ததும் இல்லை, ஐந்து வருஷம் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

விதியைக் கேட்காதீர்கள், அனுபவத்தைக் கேளுங்கள். இரண்டு கேள்வி போதும். 'போன வருஷம் கிளாஸ்ல உனக்கு எப்போ ரொம்பச் சங்கடமா இருந்துச்சு?' 'எப்போ பயமில்லாம நல்லா இருந்துச்சு?' ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, பெயர் வேண்டாம். எழுதத் திணறும் பிள்ளைகள் படமாக வரையலாம், அல்லது இடைவேளையில் உங்கள் காதில் சொல்லலாம். தமிழ் வராத பிள்ளை தன் மொழியிலேயே எழுதட்டும். அந்த மொழி தெரிந்த அண்ணனோ அக்காவோ எட்டாம் வகுப்பில் இருந்தால் வாசிக்கக் கேட்கலாம். ஆனால் அது குடும்பத்து ஆளாக இருந்தால் முதலில் அந்தப் பிள்ளையிடம் சம்மதம் கேளுங்கள்.

சீட்டுகளை வகுப்பில் மாற்றி மாற்றி வாசிக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கையெழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பது பொழுதுபோக்கு. நீங்களே வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரத்தை நீக்கிவிட்டு உங்கள் கையெழுத்தில் எழுதி மறுநாள் கொண்டுவாருங்கள்.

சில சீட்டுகள் உங்களைத் தூங்கவிடாது. 'வேன் அங்கிள் பக்கத்துல உக்காரச் சொல்றாரு' என்று ஒரு வரி வந்தால் அதை உடன்பாட்டுக்கான விஷயமாக நினைக்காதீர்கள். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் போலீசுக்குத் தகவல் சொல்லாமல் இருப்பதே குற்றம். தலைமையாசிரியரிடம் அன்றே சொல்லுங்கள். சிறார் உதவி எண் 1098, கல்வித் துறையின் உதவி எண் 14417. இதனால்தான் சீட்டு கொடுக்கும்போதே 'நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. 'உனக்கு ஆபத்துன்னா மட்டும் உதவி பண்றவங்ககிட்ட சொல்லுவேன்' என்று சொல்லிவைத்துவிட்டால் பிறகு பேச்சு மாறியதாக ஆகாது.

குவியலிலிருந்து வாக்கியம்

சீட்டுகளைத் தரையில் பரப்பினால் அவை தாமாகவே சில குவியல்களாகச் சேரும். பட்டப்பெயர், தப்பாகப் பதில் சொன்னால் சிரிப்பது, பேனா பென்சில் காணாமல் போவது, பாத்ரூம், 'டீச்சர் எப்பவும் அவளையே கேக்குறாங்க'. அநேகமாக இந்த வரிசையில்தான் வரும். 'மார்க்கைச் சத்தமா வாசிச்சாங்க' என்பது தவறாமல் வரும். 'எங்கப்பா வேலையச் சொல்லித் திட்டினாங்க' என்பதும் வரும்.

இதை வகுப்பின் முன் வைத்து, ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு குவியல் கொடுங்கள். ஒவ்வொரு குழுவும் ஒரு வாக்கியம் எழுதித் தர வேண்டும். முதலில் வருவது 'எல்லாரையும் மதிக்க வேண்டும்' என்பதாகத்தான் இருக்கும். அதை வாங்கிக்கொள்ளாதீர்கள், தோண்டுங்கள். பேச்சு இப்படிப் போகும்:

'மதிக்கிறதுன்னா என்னடா பண்ணணும்?'

'நல்லா பேசணும் சார்.'

'இப்ப நான் ஒரு கணக்குக் கேக்குறேன், இவன் தப்பாச் சொல்றான். என்ன நடக்கும்?'

'சிரிப்பாங்க. அப்புறம் நாங்க எல்லாம் சார் நான் சார் நான் சார்னு கை நீட்டுவோம்.'

'அப்ப அவனுக்கு எப்படி இருக்கும்?'

கொஞ்ச நேரம் சத்தம் வராது. பிறகு யாராவது ஒரு பெண் சொல்லும்: 'மறந்தே போயிரும் சார், தெரிஞ்சதும் மறந்துரும்.'

அந்தக் குழு கடைசியில் எழுதித் தரும் வாக்கியம் 'ஒருத்தர் யோசிக்கும்போது மத்தவங்க கையைக் கீழ வச்சிருப்போம்' என்று இருக்கும். இது கண்ணால் பார்க்கக் கூடிய விஷயம். நடந்ததா இல்லையா என்று எட்டாவது பெஞ்சிலிருந்தும் சொல்லலாம். திக்குவாய் உள்ள பிள்ளைக்கும், தமிழில் வார்த்தை தேடும் இந்திக்காரப் பிள்ளைக்கும், மெல்லக் கற்கும் பிள்ளைக்கும் யார் பெயரையும் சொல்லாமலே இது உதவும். வாக்கியத்தைப் புத்தகத் தமிழுக்கு மாற்றாதீர்கள், அவர்கள் சொன்னபடியே இருக்கட்டும். மொத்தம் ஐந்து அல்லது ஆறு போதும், அதற்குமேல் போனால் உங்களுக்கே நினைவிருக்காது. முடிவானதும் எண் போட்டு ஒரு சார்ட்டில் எழுதி மாட்டுங்கள்.

அந்த ஆறில் குறைந்தது இரண்டு உங்களைக் குறித்ததாக இருக்க வேண்டும். 'மார்க்கைத் தனியா சொல்வார், பேப்பரைத் தூக்கிப் போட மாட்டார்.' 'திட்டினாலும் அப்பா அம்மா வேலையை இழுக்க மாட்டார்.' பிள்ளைகள் தாமாக இதை எழுதப் பயப்படுவார்கள். அந்தச் சீட்டுகளை நீங்களே எடுத்து, 'இது எனக்கு வந்த சீட்டு, நானே எழுதுறேன்' என்று பலகையில் எழுதுங்கள். கூடவே இன்னொன்றையும் நீங்களாகச் சேர்த்துக்கொள்ளலாம். உதவித்தொகைப் படிவம் வரும்போது 'எஸ்.சி. பசங்க எந்திரிங்க, எம்.பி.சி. எல்லாம் கை தூக்குங்க' என்று கேட்கும் வழக்கம் இன்னும் சில வகுப்புகளில் இருக்கிறது. அந்த விவரம் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறது, வகுப்பில் கேட்க அவசியமே இல்லை. விடுபட்டிருந்தால் ஒவ்வொருவராக மேசைக்கு அழைத்துக் கேளுங்கள்.

ஓட்டெடுப்பு வேண்டாம்

எந்த வாக்கியம் வைப்பது, எதை விடுவது என்று கை தூக்கச் சொல்லாதீர்கள். ஜனநாயகம் சொல்லிக்கொடுக்க வேறு இடம் இருக்கிறது. முப்பத்தைந்து பேர் உள்ள வகுப்பில் உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்பவள் ஒருத்திதான் இருப்பாள். 'ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும், பேசுறவங்க முகம் தெரியணும்' என்பது அவளுக்குத்தான் தேவை. ஓட்டு எடுத்தால் தோற்றுப்போகும். 'இது வேண்டாம்னு சொல்றவங்க ஏன்னு சொல்லுங்க, இது இல்லாட்டி யாருக்குக் கஷ்டம்னும் யோசிங்க' என்று கேளுங்கள். ஒருவருக்கு அவசியம், மற்றவர்களுக்குச் சின்ன அசௌகரியம் என்றால் வாக்கியம் நிற்க வேண்டும்.

'அவனுக்கு மட்டும் ஏன் சார் முன்பெஞ்சு?' என்ற கேள்வி வரத்தான் செய்யும். பார்வைக் குறைவைப் பற்றிப் பாடம் எடுத்து அந்தப் பிள்ளையைக் காட்சிப்பொருள் ஆக்காதீர்கள். விதியையே எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடலாம்: 'போர்டு தெரியலைன்னா, கேக்கலைன்னா யார் வேணா முன்னாடி வந்து உக்காரலாம். ஏன்னு யாரும் கேக்க மாட்டோம்.' முதல் வாரம் பத்துப் பேர் ஓடி வருவார்கள். விட்டுவிடுங்கள், முன்னால் உட்கார்ந்தால் ஆசிரியர் கண்ணுக்கு நேரே இருக்க வேண்டும் என்று தெரிந்ததும் பாதிப் பேர் தாமே திரும்பிப் போவார்கள்.

கரும்பலகையில் பெயர் எழுதும் லீடர்

நம் பள்ளிகளில் உடன்பாட்டின் முதல் எதிரி இதுதான் என்பது என் கருத்து. ஆசிரியர் இல்லாத நேரத்தில் லீடர் சாக்பீஸோடு நிற்பான். பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பு, கீழே பெயர்கள். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. அதற்கும் மேலே போனால் 'அடங்கவில்லை'. நண்பன் பெயர் ஏறாது, மிட்டாய் கொடுத்தவன் பெயர் அழியும், சண்டைக்காரன் பேசாமலே ஏறுவான். லீடர் யார், அவன் யாரைச் சேர்ந்தவன் என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் தெரியும். நீங்கள் வந்து அந்தப் பட்டியலைப் பார்த்துத் தண்டித்தால், உடன்பாடு செல்லாது என்று நீங்களே கையெழுத்துப் போட்டதாக அர்த்தம்.

லீடரை எடுத்துவிடத் தேவையில்லை, வேலையை மாற்றுங்கள். வாரம் இருவர், ஒரு பையனும் ஒரு பெண்ணும், அகர வரிசைப்படி எல்லாருக்கும் முறை வரட்டும். ஆசிரியர் வராவிட்டால் அலுவலகத்தில் சொல்வது, விளக்கு மின்விசிறி பார்ப்பது, உடம்பு சரியில்லாத பிள்ளையைக் கவனிப்பது மட்டும் அவர்கள் பொறுப்பு. பெயர் எழுதுவது கிடையாது. இரண்டு வாரம் வகுப்பு கொஞ்சம் சத்தமாகத்தான் இருக்கும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் முறைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீறல் நடக்கும் நாள்

எழுதிய அன்று எல்லாம் அழகாகத்தான் இருக்கும். உடன்பாட்டுக்கு உயிர் இருக்கிறதா என்பது முதல் மீறலில் தெரியும். தோப்புக்கரணம், அபராதம் இரண்டும் வேண்டாம். 'எல்லார் முன்னாடியும் சாரி சொல்லு, கை குடு' என்பதும் வேண்டாம். அதில் அடிபட்ட பிள்ளைக்கு இரண்டாவது முறையும் கூச்சம்தான் மிச்சம்.

உதாரணமாக, அப்பா இஸ்திரி வண்டி வைத்திருக்கும் பையனை 'இஸ்திரி' என்று ஒருவன் கூப்பிடுகிறான். முதலில் கூப்பிடப்பட்டவனைத் தனியாகப் பாருங்கள். உனக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். சிலர் 'இனி கூப்பிடக் கூடாது, அவ்வளவுதான்' என்பார்கள். சிலர் 'என் பக்கத்துல உக்கார வேணாம்' என்பார்கள். பிறகு கூப்பிட்டவனிடம் மூன்று கேள்வி: என்ன நடந்தது, அவனுக்கு எப்படி இருந்திருக்கும், எப்படிச் சரிபண்ணப்போகிறாய். பதில் அவன் வாயிலிருந்து வர வேண்டும், நேரம் கொடுங்கள். பத்து நிமிடம் ஆகும், அதற்கு இடைவேளை போகும்.

தொழிலைச் சொல்லும் பட்டப்பெயருக்குள் சாதி ஒளிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், கேலி கிண்டல் என்று சிரித்து விட்டுவிடக் கூடாது. தலைமையாசிரியருக்குத் தெரியப்படுத்துங்கள், இரு வீட்டாரையும் ஒரே நாளில் ஒரே அறைக்கு அழைக்காதீர்கள்.

மீறுவது நீங்களாக இருந்தால்? பிள்ளைகள் சுட்டிக்காட்ட ஒரு சுலபமான வழி வேண்டும். வாக்கியங்களுக்கு எண் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, நாலாவதை மீறினால் 'சார், நாலு' என்று ஒருவர் சொன்னால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் 'சரி, நாலு' என்று சொல்லிப் பாடத்தைத் தொடருங்கள். விளக்கம் வேண்டாம், சொன்ன பிள்ளையை மறுநாள் குத்திக்காட்டவும் வேண்டாம். இதை விளையாட்டாக்கி நாள் முழுக்க 'நாலு நாலு' என்று கத்தும் கட்டம் ஒன்று வரும். சிரித்துவிட்டுப் போங்கள், சலித்துப்போய் நிறுத்திவிடுவார்கள்.

மற்ற ஆசிரியர்களும் வீடும்

ஆறாம் வகுப்பில் உங்களைத் தவிர இன்னும் நாலைந்து ஆசிரியர்கள் வருவார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். 'இதெல்லாம் ஃபாரின் கத சார், நம்ம பசங்களுக்குக் குச்சிதான்' என்று ஒருவராவது சொல்வார். வாதாடாதீர்கள். சார்ட்டின் நகல் ஒன்றை ஓய்வறையில் கொடுத்து, எது முடியும் என்று மட்டும் கேளுங்கள். கையைக் கீழே வைக்கும் விதிக்குக் கணக்கு ஆசிரியர்கள் சுலபமாக வருவார்கள், அவர்களுக்கும் அந்த இரைச்சல் பிடிக்காது. பிள்ளைகளிடம், 'நீங்க எல்லாப் பீரியடிலும் கடைப்பிடிங்க, ஆனா எண் சொல்றது என் பீரியடில் மட்டும்' என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் வேறு ஆசிரியரிடம் 'நாலு' என்று சொல்லி அடி வாங்கிவிட்டு வருவார்கள்.

பெற்றோருக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டலாம். 'அடிக்காட்டி எப்படிங்க படிப்பான்?' என்ற அம்மாக்களிடம் சட்டப் பிரிவைச் சொல்வதைவிட, அவர் பிள்ளை எழுதிய வாக்கியம் எது என்று காட்டுவது பலன் தரும்.

காலாண்டுக்குப் பிறகு

காலாண்டு விடுமுறை முடிந்து வந்ததும் ஒரு பீரியடு ஒதுக்குங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து, 'இது நடக்குதா?' என்று மறுபடி சீட்டில் கேளுங்கள். தேவையில்லாமல் போனதை அடித்துவிடலாம். பென்சில் திருட்டு நின்றுபோயிருந்தால் அந்த இடத்தில் புதிதாக வேறொன்று வரட்டும். சார்ட்டில் அடித்தல் திருத்தல் இருப்பது நல்லதே, அழகுக்காகப் புதிதாக எழுதி லேமினேட் செய்யாதீர்கள்.

நடுவில் சேரும் பிள்ளைகளை மறந்துவிடக் கூடாது. கரும்பு வெட்டு, சூளை வேலை என்று குடும்பத்தோடு இடம் மாறும் பிள்ளைகள் நவம்பரிலும் ஜனவரியிலும் வந்து சேர்வார்கள். அவர்களுக்கு ஒரு துணையைக் காட்டி, சார்ட்டைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு அந்த இரண்டு கேள்வி உள்ள சீட்டையும் கொடுங்கள். புதிதாக வந்த பிள்ளை எழுதும் சீட்டில் உங்கள் வகுப்பைப் பற்றி ஒன்றும் இருக்காது, விட்டுவந்த பள்ளியைப் பற்றித்தான் இருக்கும். ஒரு மாதம் கழித்து அதே சீட்டை இன்னொரு முறை கொடுங்கள்.